என்ன வேலையா வந்தீங்க?



போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘உங்கள் பயணச் சிறப்பிதழில் மணாலி, பாலி எல்லாம் படித்தேன். என் கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. சனி, ஞாயிறு இருக்கிறது. கூட வர ஆள் இல்லை. நான் எங்கே போவது?’

கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மகாபலிபுரம், பாண்டிச்சேரி, காஞ்சிபுரம் என்று ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ராத்திரி தங்க அறை என்றதும் எல்லா ஊரிலும் கணக்கு இடித்தது. சரி, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று பொங்கல் முடிந்த வாரம் இரண்டு 500 ரூபாய்த் தாளோடு கிளம்பினேன். ஜிபேயைத் தொடுவதில்லை என்று சபதம். அதில் காசு போவதே தெரிவதில்லை. என் வீடு பெரும்பாக்கத்தில். நான் போன ஊர், சென்னை.

சிரிக்காதீர்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம், செம்மஞ்சேரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘சிட்டிக்குள்ள’ நாங்கள் போவது ஒரு கல்யாணத்துக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்கு, தி.நகரில் ஜவுளி எடுக்க. வேலை முடிந்ததும் அடுத்த பஸ். வேலை இல்லாமல் போன நாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ‘குமரி மலர்’ ஆசிரியர் ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காக உலகமெல்லாம் அலைந்தவர். அவரும் பத்திரிகை ஆசிரியர்தான், நானும் பத்திரிகை ஆசிரியர்தான். எனக்கு வாய்த்தது எழும்பூர் வரை.

முதலில் தங்குமிடம். நாலு லாட்ஜுக்குப் போன் போட்டேன். “தனியாவா மேடம்?” என்றார் ஒருவர். இன்னொருவர் ஆதாரில் எந்த ஊர் முகவரி என்று கேட்டார். சொன்னேன். “லோக்கல் ஐடிக்கு ரூம் கிடையாது மேடம்” என்று வைத்துவிட்டார். உள்ளூர்ப் பெண்ணுக்கு உள்ளூரில் அறை எதற்கு என்ற அந்தக் கேள்விக்குள் என்னென்ன சந்தேகம் சுருண்டு கிடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பது வயதில் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் எழும்பூரில் பெண்கள் விடுதி ஒன்றில், எட்டுப் பேர் படுக்கும் அறையில், ஒரு மேல் படுக்கை கிடைத்தது. 550 ரூபாய்.

சனிக்கிழமை காலை முன்னும் பின்னும் பிங்க் அடித்த ஒயிட் போர்டு பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா, என் வயதிருக்கும், மடியில் வயர்கூடை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: “இன்னா மேடம், வேலைக்கா?”

“இல்லக்கா. சும்மாதான்.”

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். “நானும் சும்மாத்தான்” என்றார்.

பெரும்பாக்கத்தில் வரிசையாக நிற்கும் எட்டு மாடி வாரியக் குடியிருப்புகளில் ஒன்றில் ஐந்தாவது மாடி அவருக்கு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்ட இடம் அது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, அதுவும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஒரே ஊரில் வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். நான் அந்தப் பக்கம் போனது ஒன்றோ இரண்டோ தடவை. அந்த அம்மா மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவாராம். டிக்கெட் காசு இல்லை என்றானதற்குப் பிறகு வந்த பழக்கம். “அதுக்கு முன்னாடி பஸ் காசுக்கு மவன்கிட்ட கணக்கு சொல்லணும்ல” என்றார். இலவசப் பேருந்தைப் பற்றி எத்தனையோ தலையங்கம் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி எதிலும் இல்லை.

பஸ் மாறி வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயில். டிக்கெட் பத்து ரூபாய்க்குள். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் தாண்டி சிந்தாதிரிப்பேட்டை நெருங்கியதும் அவர் எழுந்து கதவோரம் போனார். என்னையும் கூப்பிட்டார். கீழே கூவம். “அதோ அந்த மரம் தெரியுதா? அதுக்கு இந்தாண்ட பக்கம் எங்க வூடு.” நான் மரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ரயில் தாண்டிவிட்டது. அவர் பார்த்துவிட்டார். ஸ்டேஷனுக்குக் கீழே டீ குடித்தோம். என்னைக் காசு கொடுக்க விடவில்லை. “எங்க ஏரியாவுக்கு வந்துருக்க” என்று சொல்லிவிட்டார். பழைய தெரு, அம்மன் கோயில், ஒரு சினேகிதி வீடு, சாயங்காலம் பீச், அப்புறம் பஸ். அன்றைய நிகழ்ச்சி நிரல் அவ்வளவுதான். “பொறந்த எடத்தப் பாக்க இன்னா வேலை வோணும்?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அங்கிருந்து நடந்தே எழும்பூர் அருங்காட்சியகம் போனேன். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்து போய் நிற்காதீர்கள். 15 ரூபாய் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வரிசையில் இழுத்துக்கொண்டு ஓடிய அதே கூடங்கள். இந்தத் தடவை இழுக்க ஆள் இல்லை. அமராவதிச் சிற்பங்களைச் சுற்றிவிட்டு வெண்கலக் கூடத்துக்குப் போனேன். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நின்றவள் அரை மணி நேரம் நகரவில்லை. பதினோராம் நூற்றாண்டுச் சிலை. மூன்று கை: சிவன் பாதிக்கு இரண்டு, பார்வதி பாதிக்கு ஒன்று. சமையலறையில் நின்ற அனுபவம் இருந்தால் சிற்பி கணக்கை மாற்றிப் போட்டிருப்பார் என்று தோன்றியது. ஆனால் அந்த ஒற்றைக் கை இறங்கும் அழகு! இடுப்பு ஒரு பக்கம் மட்டும் வளைந்து, மறுபக்கம் கம்பீரமாக நேரே நிற்கிறது. இடமும் வலமும் மாறி மாறி நின்று பார்த்தேன். காவலர் மெல்ல வந்து, “என்ன மேடம், ஆராய்ச்சியா?” என்றார்.

விடுதியில் கீழ்ப் படுக்கையில் ஒரு திருநெல்வேலிப் பெண், மறுநாள் காலை ஏதோ தேர்வு. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “எங்கிருந்துக்கா வாரீங்க?” என்றாள். பெரும்பாக்கம் என்றேன். அது எந்த மாவட்டம் என்று கேட்டாள். செங்கல்பட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை, நல்லவேளை. நள்ளிரவில் யாரோ ஒருத்தியின் அலாரம் நாலு தடவை அடித்தது. மேல் படுக்கையிலிருந்து இறங்குவதற்கு என் முழங்கால் தனிக் கட்டணம் கேட்டது. மற்றபடி நல்ல தூக்கம்.

ஞாயிறு விடிகாலை மெரினா. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள், நாய்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு சாந்தோம் பக்கம் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி ஐந்து, பொங்கல் ஒன்று. மொத்தம் 10 ரூபாய். சாம்பார் சுமார்தான், சூடாக இருந்தது. இனி கன்னிமாரா நூலகம், விவேகானந்தர் இல்லம் என்று பட்டியல் வைத்திருந்தேன். எதற்கும் போகவில்லை. மணலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குப் பசிக்குமே, யாராவது தேடுவார்களே என்ற நினைப்பு பத்து மணிக்குத்தான் வந்தது. அதுவும் சுண்டல் வாங்கியதும் போய்விட்டது.

தாம்பரம் வாசகிக்குக் கணக்கு: மிச்சம் 193 ரூபாய். படுக்கை ஒன்றுதான் பெரிய செலவு. அதுவும் வேண்டாம் என்றால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாளும் போகலாம். அந்தச் சிந்தாதிரிப்பேட்டை அம்மாவின் வழி.

மாலை பெரும்பாக்கத்தில் இறங்கி, சதுப்பு நிலத்தை ஒட்டி நடந்து வந்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து கேமராவும் கையுமாக ஆட்கள் இந்தப் பக்கமும் வருகிறார்கள். ஒரு கல்லூரிப் பையன் பைனாகுலரோடு நின்றிருந்தான். கொளத்தூராம்; ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்திருக்கிறான்.

“மேடம், நீங்க இந்த ஊரா? பூநாரை வழக்கமா எந்தப் பக்கம் நிக்கும்?”

பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கொடு தம்பி என்று பைனாகுலரை வாங்கினேன்.

அன்புடன்,
ஆசிரியர்