மூணாவது கால் எங்கே?

உங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் 'ஊம்ம்ம்' என்று முனகுகிறதா? முதலில் அதன் பிளக்கைப் பாருங்கள். கால் மூன்றும் இருக்கின்றனவா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால், ஸ்விட்சை அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

போன பொங்கலுக்கு ஆத்தூர் போயிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், தாமிரபரணிக் கரையில், 2023-ல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ஆத்தூர். அத்தான் வீட்டில் புது ஹோம் தியேட்டர். பெருமையாகப் போட்டுக் காட்டினார்.

"முந்தி ஒரே இரைச்சல் மாப்ள. கடைப் பையன் வந்தான். எர்த்து காலை ஒடிச்சு எறிஞ்சான். இப்ப பாரு, சத்தமே கிடையாது!"

உண்மைதான். சத்தம் இல்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

நான் படித்தது பி.காம். மின்சாரத்தில் எனக்குப் புரிந்ததெல்லாம் வரவு, செலவு மட்டும்தான். ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்ப வேண்டும். மூணாவது காலுக்கு நல்ல நாளில் வேலையே கிடையாது. உள்ளே ஒரு ஒயர் பிய்ந்து இரும்புப் பெட்டியைத் தொடுகிற நாளில்தான் அதற்கு வேலை. 230 வோல்ட்டைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போய் ஃபியூஸைப் போக்கடிக்கும். அந்தக் கால் இல்லையென்றால்? பெட்டியைத் துடைக்கப் போகிற உங்கள் மனைவியின் கைதான் மூணாவது கால்.

அப்படியானால் அந்தக் கால் ஏன் முனகலைத் தருகிறது? தப்பு அதன் மேல் இல்லை. ஆம்ப்ளிஃபயர் தன் பிளக் வழியாகத் தரையைத் தொடுகிறது. கேபிள் டிவி ஒயரோ எங்கேயோ தெருமுனையில் இன்னொரு தரையைத் தொட்டுவிட்டு வருகிறது. இரண்டு தரைக்கும் நடுவே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம். அதனால் ஆடியோ ஒயரின் மேலுறையில் கொஞ்சம் கரன்ட் ஓடுகிறது, நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக. ஆம்ப்ளிஃபயரின் வேலை எது வந்தாலும் பெரிதாக்குவது. விசுவாசமாகப் பெரிதாக்குகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் அதே முனகலா? கோளாறு உள்ளே. பெரும்பாலும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் செத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், நீங்கள் திறக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்யூமோடு சேர்ந்து முனகலும் ஏறுகிறதா? அது வெளியிலிருந்து வருகிறது. செட்டை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றால் திருடன் அகப்பட்டான். எல்லாப் பெட்டிகளையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒயரின் வழியில் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். முனகல் கரகரவென்று இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரை, டிம்மரை நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் கடைப் பையனுக்குப் பத்து நிமிஷம் இல்லை. கட்டிங் பிளேயர் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு. "கை வச்சா சத்தம் குறையுது சார்!" என்று ஆச்சரியப்படும். ஐயா, அது அதிசயம் இல்லை. உங்கள் பெட்டிக்கு எர்த் இல்லை, அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

(இரண்டே காலோடு பிறந்த கருவிகளும் உண்டு. ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட முத்திரை இருக்கும். இரட்டைக் காப்பு. அவற்றை விட்டுவிடுங்கள். நான் திட்டுவது மூன்று காலோடு பிறந்து முடமாக்கப்பட்டவற்றை.)

எர்த் கட்டாயம் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் தரைக்கு கிரானைட் போடுகிறவர், தரைக்குள் ஒரு குழாய் இறக்கக் கணக்குப் பார்க்கிறார். சுவரில் மூன்று ஓட்டை இருக்கும். மூணாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பொம்மைக்குக் கண் வைத்த மாதிரி.

தூத்துக்குடிக்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். எர்த் குழியில் கரியோடு போடுகிற அதே உப்பு, காற்றில் வந்து வெளியே இருக்கும் இணைப்பை அரித்துத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கூடவே ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லுங்கள். என்னைப் போன்ற பி.காம்.காரனுக்குப் பிடித்த கருவி. போன கரன்ட்டையும் திரும்பிய கரன்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஆடிட்டர். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால் கடையைச் சாத்திவிடும். எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே சாத்தும். இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரியும்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஒரு வருஷத்தில் சாகிறவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். எல்லோரும் பிளக்கால் சாகவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு எண்ணிக்கை கூட உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டாமே.

அத்தான் வீட்டில் அன்றே புது பிளக் மாட்டினோம். முனகல் திரும்பி வந்தது. கேபிள்காரர் வந்து சரி செய்ய நாலு நாள் ஆனது. நாலு நாளும் அத்தான் என்னைத் திட்டினார். திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே!