அணைத்து வைத்த எண்

எங்கள் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வரும் விடுமுறையில் மனைவி, இரு பிள்ளைகளுடன் மலேசியா செல்கிறார். 2023 டிசம்பரில் அந்நாடு இந்தியர்க்கு விசா விலக்கு அளித்தபின், திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூரில் இறங்குவது எங்கள் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. நண்பர் ஒரு முழுத்தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒருபுறம் அவரது தொலைபேசி நிறுவனத்தின் ரோமிங் திட்டங்கள். மறுபுறம் பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம் திட்டங்கள். ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தார். இ-சிம் தெளிவாக வென்றிருந்தது. "இதுலே யோசிக்க என்ன சார் இருக்கு?" என்றார்.

யோசிக்க இருக்கிறது என்பதே என் கட்சி. அவருடைய கணக்கில் பிழை இல்லை. கட்டங்களில் ஒன்று குறைகிறது.

முதலில் பொருளை அறிவோம். சிம் என்ற சொல்லின் விரிவைத் தமிழாக்கினால் 'சந்தாதாரர் அடையாளக் கூறு' என்று வரும். 1991இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்காக ஜெர்மனியில் முதல் அட்டைகள் செய்யப்பட்டன. மறு ஆண்டே பின்லாந்து, பிரிட்டன் நிறுவனங்கள் இரண்டு, ஒன்றின் சந்தாதாரர் மற்றதன் எல்லைக்குள் பேசலாம் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. ரோமிங் பிறந்த கதை இதுதான். நம் எண் அயல்நாட்டுக் கோபுரத்தின்கீழ் போய் நிற்கிறது. அந்தக் கோபுரத்துக்காரர் நம் ஊர் நிறுவனத்தைக் கேட்டு, "ஆம், எங்கள் ஆள்தான்" என்ற பதிலைப் பெற்று நம்மை உள்ளே விடுகிறார். விருந்தினருக்கான செலவு பிறகு நம் தலையில் எழுதப்படுகிறது. இ-சிம் என்பது அட்டைக்குப் பதிலாகக் கைபேசிக்குள்ளேயே பதிக்கப்பட்ட சில்லு. ஒரு கட்டக்குறியைப் படம்பிடித்தால் புதிய அடையாளம் காற்றுவழியே வந்து இறங்கிவிடும். பழைய அட்டை அதன் இடத்திலேயே இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயண இ-சிம்களில் பல, உண்மையில் மூன்றாவது நாடொன்றின் நிறுவனத்துக்கு உரியவை. கோலாலம்பூரில் நம் கைபேசி, ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ பதிவான ஓர் எண்ணின் வேடத்தில் திரியும். அதுவும் ரோமிங்தான்; மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையில் விற்கப்படும் ரோமிங். ஆகவே ரோமிங்கா இ-சிம்மா என்ற கேள்வியே சற்றுப் பிசகானது. யாருடைய பெயரில் அலையப்போகிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பயண இ-சிம்களில் இணையம் மட்டுமே உண்டு. அழைப்பதற்கு எண் கிடையாது. ஊரிலிருந்து நம்மை அழைப்பவர்கள் அறிந்திருப்பது பழைய எண்ணை மட்டுமே.

ரோமிங் என்ற ஆங்கிலச் சொல்லை நாமக்கல் சீமை விமானத்தில் ஏறிக் கற்கவில்லை; லாரியில் ஏறிக் கற்றது. ஓசூரைத் தாண்டியதும் கைபேசி வேற்றுமாநில வரவேற்புச் செய்தியைக் காட்டும். அதன்பின் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. நாக்பூருக்கோ குவாஹாத்திக்கோ சரக்கேற்றிப் போன ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு மாதக்கணக்கில் வடக்கே கிடந்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு மணி அடித்துத் துண்டித்தால் எல்லாரும் நலம். மூன்றாம் முறையும் அடித்தால் ஏதோ அவசரம், எங்கேனும் கடையிலிருந்து கூப்பிட வேண்டும். எடுக்காத அழைப்புக்குக் கட்டணமில்லை என்ற ஓட்டையில் ஒரு மொழியே வளர்ந்தது. 2015 ஜூன் 15இல் பி.எஸ்.என்.எல். நாடெங்கும் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. பிற நிறுவனங்களும் பின்னர் அவ்வழிக்கு வந்தன. சரியாக ஈராண்டு கழித்து, 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் மிகைக்கட்டணத்தை நீக்கியது. நாம் இந்தியாவைத் தாண்டும்போது மட்டும் இன்னும் ஓசூர் எல்லையில் நின்ற பழைய லாரிக்காரராகிவிடுகிறோம்.

அந்த லாரிக்காரர் அறிந்திருந்ததை நான் அறியாமற் போன கதையைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை சென்றேன். கொழும்பு, கண்டி, பின்னர் யாழ்ப்பாணம். தமிழ் கற்பிப்பவன் அந்த நூலகத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நண்பரைப் போலவே நானும் தாள்போட்டுக் கணக்குப் பார்த்து இ-சிம் வாங்கினேன். ரோமிங் கட்டணம் எங்கே தவறிப்போய் ஏறிவிடுமோ என்ற அச்சத்தில், விமானத்திலேயே அமைப்புகளுக்குள் சென்று இந்திய எண்ணை அணைத்து வைத்தேன். வரைபடம் ஓடியது, வாட்ஸ்அப் ஓடியது, புகைப்படங்கள் பறந்தன. ஒரு குறையும் தெரியவில்லை.

மோகனூர் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருக்கும் என் அம்மாவிடம் உள்ளது பொத்தான் போன். நான் யாழ்ப்பாண நூலகத்தின் வெள்ளைச் சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அன்று மாலை, அவர் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்திருக்கிறார். என் எண்ணுக்கு அடித்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டு அக்காவும் அடித்திருக்கிறார். திருப்பூரில் இருக்கும் என் தங்கை மகன் வழியாக வாட்ஸ்அப்பில் செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை. எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். ஊர் திரும்பியபின் அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "போனப் போட்டா யாரோ ஒருத்தி என்னமோ சொல்றா கண்ணு. நீ அங்க நல்லா இருக்கறயோ என்னமோன்னு எனக்கு ஒரே ரோசனை" என்றார். விழுந்தவர் அவர், கவலைப்பட்டது என்னைப் பற்றி.

எண்ணை இயங்கவிட்டு, அதன் இணையத்தை மட்டும் அணைத்திருந்தால் போதும். தவறிய அழைப்பு திரையில் விழுந்திருக்கும். எடுக்காத அழைப்புக்குப் பொதுவாக இங்கும் கட்டணமில்லை. நான் மிச்சம்பிடித்தது ஒன்றுமே இல்லை.

பயணம் என்பதே தொடர்பறுத்துப் போவதுதான், ஏ. கே. செட்டியார் கடிதத்தையும் கப்பலையும் நம்பித்தானே உலகைச் சுற்றினார் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவ்வாதத்தை நான் மதிக்கிறேன். அன்றாடத்திலிருந்து ஒதுங்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் செட்டியார் காலத்தில் காத்திருந்தவர்களுக்குக் கடிதம் வர வாரங்கள் ஆகும் என்பது தெரியும். சங்கப் பாடல்களில் பொருள்தேடிப் பிரியும் தலைவன் கார்காலத்தைத் தவணையாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். அவள் ஆற்றியிருப்பது அந்தச் சொல்லின் பலத்தில்தான். நாம் நம் வீட்டு முதியவர்களிடம் வேறொரு சொல் கொடுத்திருக்கிறோம்: இந்த எண்ணுக்கு அடித்தால் நான் வருவேன் என்று. அதைச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பப்பெறுவது ஒதுங்குதல் ஆகாது, வாக்குத் தவறுதல்.

எண்ணை விடாமலிருக்க உலகியல் காரணமும் ஒன்று. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் பெரும்பாலும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ தொடங்கப்பட்டது. அந்தச் செயலிகள் பதிவான சிம்மோடு பிணைக்கப்பட்டவை. பயணத்துக்குமுன் சிம்மை மாற்றிவிட்டு, அயலூர் விடுதி வரவேற்பறையில் கடவுச்சொல்லுக்காகக் கைபேசியை வெறித்தபடி நின்றவர்கள் பலர்.

ஆகவே என் பரிந்துரை இதுவே. கைபேசி இ-சிம்மை ஏற்குமானால் இணையத்தை அதில் வாங்குங்கள். *#06# அழுத்தினால் இ.ஐ.டி. என்றொரு நீண்ட எண் தோன்றும்; தோன்றாவிட்டால் பெரும்பாலும் அந்த வசதி இல்லையென்று கொள்ளலாம். இந்திய எண்ணில் பன்னாட்டு ரோமிங்கைப் புறப்படுமுன்பே இயக்கச் சொல்லிவிட்டு, அதன் இணையத்தை மட்டும் அணையுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. குடும்பமாகச் சென்றால் ஒருவரது இணைப்பை ஹாட்ஸ்பாட் மூலம் பகிரலாம். சில திட்டங்கள் இதைத் தடுப்பதால் வாங்குமுன் படித்துப்பாருங்கள். அமைப்புகளைத் தொட அஞ்சும் பெரியவர்கள் தனியே பயணம் செய்தால் யோசிக்காமல் ரோமிங் திட்டமே போடுங்கள். கூடுதல் பணம் வீண் அன்று. இறங்கியதும் கைபேசி தானே பேசும் என்பது அவர்களுக்குப் பெரிய தைரியம். ஒரே நாட்டில் இரு வாரத்துக்குமேல் தங்குவோர்க்கு அங்குள்ள உள்ளூர் சிம் இவ்விரண்டையும்விட மேலாக இருக்கக்கூடும்.

வாங்குமிடத்திலும் கவனம் வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு பெயர்பெற்ற இ-சிம் விற்பனையாளரின் தளங்களை, உரிய அனுமதி இல்லையென்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை முடக்கியது. அயல்நாட்டுச் சிம்களை இங்கே விற்க அத்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பெயரற்ற எண்களால் நடக்கும் மோசடிகளை நோக்க அரசின் அச்சத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தடை ஒருபுறமும் எட்டாத ரோமிங் விலை மறுபுறமுமாக இருந்தால், நடுவில் நிற்கும் பயணி என்னைப்போல் எண்ணை அணைத்துவிடத்தான் துணிவார். உள்நாட்டில் செய்ததைப் போல, வருகிற அழைப்பையேனும் அண்டை நாடுகளில் இலவசமாக்கப் பேச்சுவார்த்தை நடத்தலாகாதா? திருச்சியிலிருந்து கொழும்பு, தில்லியைவிட எத்தனையோ அருகில் இருக்கிறது.

நண்பரிடம் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்து கொடுத்தேன். தலைப்பாக, 'ஊரிலிருந்து யார் கூப்பிடுவார்கள்?' என்று எழுதினேன். சற்று நேரம் பார்த்திருந்தவர் பேனாவை வாங்கி, 'அப்பா, ராசிபுரம்' என்று எழுதினார்.