எஞ்சினைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு 'ரெஸ்டோர்' பண்ணினேன்னு சொல்லாதீங்கப்பா!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. வடபழனி முருகன் கோயில் பக்கம் வண்டிகளுக்குப் பூஜை போடற இடத்துல ஒரு ஜோங்கா நின்னுச்சு. ஆலிவ் பச்சை பெயிண்ட், புது டயர், முன்னாடி வின்ச், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம். சுத்தி ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தது. ஓனர் தம்பிக்கு முப்பதுக்குள்ளதான் வயசிருக்கும். "ஃபுல் ரெஸ்டோரேஷன் சார், நட்டு போல்ட்டு வரைக்கும் ஒரிஜினல்"னு பெருமையா சொல்லிட்டு சாவியைத் திருப்பினார்.

கட கட கட கடன்னு டீசல்!

நான் எதுவும் சொல்லலை. சாமி சன்னிதியில சண்டை எதுக்கு? ஆனா இங்க சொல்லலாம்ல. சொல்றேன்.

ஜோங்கான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நிசான் பேட்ரோல் 60 வண்டியை லைசென்ஸ் வாங்கி ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபேக்டரியில ராணுவத்துக்காகச் செஞ்சது. 1969ல ஆரம்பிச்சு 1999 வரைக்கும் ஓடுச்சு. 2019ல தோனி ஒண்ணு வாங்கி ராஞ்சியில ஓட்டின படம் வந்துச்சே, அதுதான். அந்தப் படத்துக்கு அப்புறம் ஏலத்துல எடுத்துப் போட்டு வச்சிருந்தவன் எல்லாம் விலையை ஏத்திட்டான், அது வேற கதை. வண்டியோட உயிர் அதோட பெட்ரோல் எஞ்சின். ஆறு சிலிண்டர், 3956 சிசி. லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர் குடுத்தா பெரிய விஷயம். ஆனா ஐடிலிங்ல நிக்கறப்ப பானெட் மேல ஒரு ரூபா காசை நிமிர்த்தி வைக்கலாம்னு பழைய மெக்கானிக்குங்க சொல்வாங்க. கொஞ்சம் மிகைதான். ரொம்ப இல்லை.

அந்த எஞ்சினோட அளவைப் பாருங்க. போர் 85.7 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 114.3 மில்லிமீட்டர். ஜப்பான்காரன் ஏன் இப்படி அரைகுறையா ஒரு நம்பரை வச்சான்? 114.3ன்னா சரியா நாலரை இன்ச். 1930-களோட பின்பாதியில நிசான் கம்பெனி அமெரிக்காவோட கிரஹாம்-பெய்ஜ் கம்பெனிகிட்ட இருந்து வடிவமைப்பையும் மெஷின்களையும் வாங்கி லாரி செய்ய ஆரம்பிச்சுது. அந்த நாலரை இன்ச் அப்படியே வம்சாவளியா வந்து, டெட்ராய்ட்ல இருந்து யோகஹாமா, அங்க இருந்து ஜபல்பூர், கடைசியா நம்ம புதுப்பேட்டை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. அதைத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை செயின் பிளாக் போட்டுத் தூக்கி, எடைக்கல்லு பக்கத்துல இறக்கிட்டு, மேடடார்லயோ பொலிரோலயோ இருந்து வந்த ஒரு டீசலைப் பொருத்தி, 'ரெஸ்டோர்'னு சொல்றோம்.

ஏன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்: "பார்ட்ஸ் கிடைக்கலை சார்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்னைக்கு உரிக்கப் போறேன்.

முதல்ல ஜீப்பை எடுத்துக்குவோம். வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ, அதாவது ரெண்டாம் உலகப் போர் ஜீப். அதோட எஞ்சின் 2199 சிசி, நாலு சிலிண்டர், சைடு வால்வ், 60 குதிரைசக்தி. வில்லிஸ் செஞ்சதும் ஃபோர்டு செஞ்சதும் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடற மாதிரியே செஞ்சாங்க. போருக்கு அப்புறம் நம்ம ஊர்ல மகிந்திரா பல வருஷம் ஓட்டின பெட்ரோல் ஜீப்புல இருந்த ஹரிக்கேன் எஞ்சினும் அதே குடும்பம்தான். அதே போர், அதே ஸ்ட்ரோக். மேல வால்வ் அமைப்புதான் வேற. இதுக்கு 'பார்ட்ஸ் கிடைக்கலை'ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் தேடலைன்னு அர்த்தம். மணிலாவுல எம்டி யுவான்னு ஒரு கம்பெனி இந்த ஜீப்புக்கு முழு பாடியே புதுசா அடிச்சு உலகம் பூரா அனுப்புது. அமெரிக்காவுல கேஸ்கெட் செட்டுல இருந்து கார்புரேட்டர் கிட் வரைக்கும் வாங்கலாம்.

இன்னொண்ணு. அந்த எஞ்சினே தட்டுப்பாட்டுக்குன்னு செஞ்ச எஞ்சின். அமெரிக்க ராணுவம் 1944ல போட்ட டி.எம். 9-1803ஏ-ங்கிற கையேடு இணையத்துல சும்மாவே கிடைக்குது, படிச்சுப் பாருங்க. ஒரு எஞ்சினைப் பிரிச்சு, அளந்து, திரும்பக் கட்டறது எப்படின்னுதான் புத்தகம் பூரா. தேய்ஞ்சா தூக்கிப்போடுன்னு யாரும் நினைக்கலை. போர் தேய்ஞ்சா அடுத்த சைஸ், கிராங்க் தேய்ஞ்சா ஒரு சைஸ் கிரைண்ட் பண்ணி அதுக்கேத்த பேரிங். நம்ம போரிங் கடையில 'இருபது சைஸ்', 'நாப்பது சைஸ்'னு சொல்றாங்களே, அது இதுதான். ஆயிரத்துல இருபது பங்கு இன்ச், நாப்பது பங்கு இன்ச். கடைசி சைஸும் தாண்டிப் போச்சா, ஸ்லீவ் அடிச்சு மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டு வா. அவ்வளவுதான்.

சரி, ஜோங்காவுக்கு வருவோம். இங்க தட்டுப்பாடு நிஜம், ஒத்துக்கறேன். வண்டி பூராவும் ராணுவத்துக்குன்னே செஞ்சது. உற்பத்தி நின்னு கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. டப்பாவுல போட்ட புது பிஸ்டனை ஜி.பி. ரோட்டுல போய்க் கேட்டா உங்களை மேலயும் கீழயும் பாப்பாங்க. ஆனா அதே ஜபல்பூர் ஃபேக்டரியில நிசான் ஒன் டன் லாரியும் செஞ்சாங்க, அதுலயும் இதே எஞ்சின். வெளிநாட்டுல பேட்ரோல் 60 1980 வரைக்கும் வித்திருக்காங்க, ஆஸ்திரேலியாவுல இன்னமும் வச்சு ஓட்டறவங்க இருக்காங்க.

எங்கயுமே கிடைக்கலையா? அப்பதான் வேலையே ஆரம்பம். பிஸ்டனுக்கு மூணு அளவு முக்கியம்: விட்டம், பின் சைஸ், பின் சென்டர்ல இருந்து தலை வரைக்கும் உள்ள உயரம். இந்த மூணையும் எழுதி எடுத்துக்கிட்டு வேற எந்த எஞ்சினோட பிஸ்டன் ஒத்து வருதுன்னு தேடணும். விட்டம் கொஞ்சம் கம்மியா ஒண்ணு கிடைச்சா பிளாக்குல ஸ்லீவ் போட்டு அதுக்கேத்த மாதிரி போர் பண்ணலாம். பேரிங்கும் இதே கணக்குதான், கிடைக்கிற ஷெல்லுக்கு ஏத்த மாதிரி கிராங்கை கிரைண்ட் பண்ணணும். வால்வ் இல்லைன்னா வேற வண்டியோட பெரிய வால்வை எடுத்து லேத்துல தலையையும் தண்டையும் சைஸ் பண்ணலாம். வால்வ் கைடு கடைஞ்சுக்கலாம். வாட்டர் பம்ப் ஷாஃப்ட் கடைஞ்சுக்கலாம். ஹெட் கேஸ்கெட்டுக்குச் செம்புத் தகடு வெட்டறவங்க இருக்காங்க. பிளாக்குல விரிசல்னா வார்ப்பிரும்பைச் சூடாக்கி வெல்டிங் பண்றவங்களும் உண்டு, சூடே இல்லாம வரிசையா ஆணி அடிக்கிற மாதிரி தைக்கிறவங்களும் உண்டு. தையல்னே சொல்லலாம்.

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லைங்க. இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி செம்பியத்துல 1949லயே வந்தாச்சு. ஆவடியில 1965லயே விஜயந்தா டாங்கி வெளிய வந்தாச்சு. பாடி, அம்பத்தூர், கிண்டின்னு சுத்தி சுத்தி லேத்து ஓடற ஊர் இது. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு 'பார்ட்ஸ் இல்லை'ன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

அப்ப ஏன் யாரும் செய்யறதில்லை? ஷெட்டுக்காரர் பக்கம் நின்னு பாருங்க, புரியும். எஞ்சின் மாத்தறதுன்னா பத்து நாள். ரேட்டு சொல்லலாம், டெலிவரி தேதி சொல்லலாம். ரீபில்டுன்னா எப்ப முடியும்னு தெரியாது, பிரிச்சுப் போட்ட வண்டி மாசக்கணக்குல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். கஸ்டமர் தினமும் போன் பண்ணுவார். அந்தக் கஸ்டமர் எப்படிப்பட்டவர்? டயருக்கு லட்சம் குடுப்பார், எல்ஈடி பாருக்கும் வின்ச்சுக்கும் கேட்ட விலை குடுப்பார். ஆறு சிலிண்டரையும் ரெண்டு 'தௌ'க்குள்ள நிறுத்தித் தர்ற போரிங் கடைப் பெரியவர்கிட்ட ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார். நான் கூட நின்னு பாத்திருக்கேன். அந்தப் பெரியவரோட பையன் இந்தத் தொழிலுக்கு வரலை. ஏன் வரணும்?

இப்ப என் முக்கியமான குற்றச்சாட்டு. கழட்டின எஞ்சினை என்ன பண்ணினீங்க? எடைக்குப் போட்டீங்க. அதுல ஒரு கிராங்க் நல்லா இருந்திருக்கும். ஹெட் நல்லா இருந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர், மேனிஃபோல்டு, கார்புரேட்டர்.... அதை ஒரு மூலையில போட்டு வச்சிருந்தா இன்னொரு ஜோங்கா பொழைச்சிருக்கும். நீங்க உலைக்கு அனுப்பிட்டு, அடுத்தவன் வந்து கேட்டா 'பார்ட்ஸே இல்லைப்பா, நீயும் டீசல் போட்டுடு'ன்னு அட்வைஸ் பண்றீங்க. பார்ட்ஸ் தானா காணாம போகலை சாமி. நீங்கதான் கிலோ கணக்குல வித்தீங்க!

"தேனி, போடி பக்கம் போய்ப் பாரு, ஜீப் எல்லாம் டீசல்தான்"னு ஒருத்தர் சண்டைக்கு வருவார், தெரியும். அவங்களை நான் ஒண்ணுமே சொல்லலை. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்தி மலையேறற வண்டி அது. பெட்ரோல் விலை ஏறினப்ப டீசல் போட்டிருக்கலைன்னா அந்த ஜீப்புங்க என்னைக்கோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். அவங்க பொழைப்புக்காக மாத்தினாங்க, மாத்தினதை மாத்தினேன்னுதான் சொல்றாங்க. ரெஸ்டோர்னு ஒரு வார்த்தையைக் கூடச் சொல்லலை. என் கோபம் எல்லாம் வாரத்துல ஒரு நாள் ஈ.சி.ஆர். போய்க் காபி குடிச்சுட்டு வர்ற வண்டிக்கு மைலேஜ் கணக்கு பேசறவங்க மேல.

எஞ்சினையே மாத்தக் கூடாதான்னா, அப்படியும் இல்லை. இங்கிலாந்துல போவிங்டன் டாங்கி மியூசியத்துல டைகர் 131ன்னு ஒரு ஜெர்மன் டாங்கி இருக்கு. 1943 ஏப்ரல்ல துனிசியாவுல பிடிச்சது. ஓடற நிலைமையில இருக்கிற டைகர் அது ஒண்ணுதான்னு சொல்வாங்க. அதுல இப்ப இருக்கிறது அதோட பிறவி எஞ்சின் இல்லை. முதல்ல இருந்தது மேபாக் எச்.எல். 210, இப்ப இருக்கிறது எச்.எல். 230, அவங்ககிட்டயே இருந்த இன்னொரு டாங்கியில இருந்து எடுத்தது. ஆனா பாருங்க, அதே கம்பெனி, அதே குடும்பம். முக்கியமா, அதை அவங்களே எல்லார்கிட்டயும் சொல்றாங்க. மாத்தினா மாத்தினேன்னு சொல்லிட்டுப் போங்க, யாரு வேணாம்னா?

சட்டத்தையும் கொஞ்சம் பாத்துடலாம். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதுலயும் பெருசா மாத்தம் செஞ்சிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்ல 'விஏ'ன்னு வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஆக, டீசல் போட்ட ஜோங்கா எத்தனை பழசானாலும் விண்டேஜ் இல்லை. செலவு பண்றதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதே விதி மேல எனக்கும் ரெண்டு கோபம் இருக்கு. 'கணிசமான ஓவர்ஹால்' நடந்திருக்கக் கூடாதுன்னு ஒரு சொல் அதுல வருது. பிறவி எஞ்சினை வச்சுக்கிட்டு, ஸ்லீவ் அடிச்சு, கிராங்க் கிரைண்ட் பண்ணி ஒருத்தன் உயிர் குடுத்தா அதுவும் ஓவர்ஹால்தானே? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒருத்தர் அப்படிக் கேட்டா என்ன பதில்? இன்னொண்ணு, முதல் பதிவுத் தேதி. ராணுவ வண்டிக்கு அம்புக்குறி போட்ட தனி நம்பர். ஏலத்துல வெளிய வந்த அப்புறம்தான் சிவில் பதிவு. 1970ல பிறந்து 1995ல ஏலம் போன ஜோங்கா, கணக்குப்படி 2045லதான் விண்டேஜா? ராணுவ வண்டிக்கு உற்பத்தி வருஷத்தைக் கணக்குல எடுக்கணும்னு தெளிவா எழுதினா என்ன குறைஞ்சுடும்?

ஒரு இடத்துல மட்டும் ஒரிஜினல் பிடிவாதம் வேண்டாம்: பெட்ரோல் போற வழி. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாத்தையும் அது தின்னுடும். எத்தனால் தாங்கற ரப்பரா மாத்திடுங்க. பூஜைக்கு வந்த வண்டி பத்தி எரியக் கூடாது :-)

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023ல ஏவிஎம் மியூசியம் நம்ம வடபழனியில திறந்தப்ப பழைய கார் படம் போட்டு எத்தனை பதிவு வந்துச்சு! எல்லாம் பெயிண்டு, குரோம், எந்த நடிகர் பக்கத்துல நின்னார். அடுத்த தடவை பழைய வண்டி பத்தி எழுதறப்ப பானெட்டைத் திறக்கச் சொல்லி ஒரு படம் எடுங்க. எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புக்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு கேளுங்க. முடிஞ்சா போரிங் யார் பண்ணினாங்கன்னு கேட்டு அந்தக் கடைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. டீ அவரே வாங்கிக் குடுப்பார்.

டிஸ்கி: 3956 சிசி நிசான் எஞ்சினோட ஹெட்டு, கிராங்க், எது இருந்தாலும் எடைக்குப் போடறதுக்கு முன்னாடி பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. எடை விலைக்கு மேல குடுத்து எடுத்துக்க எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் தயாரா இருக்காங்க. ஒருத்தருக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அவசரமா வேணும், விரிசல் இருந்தாலும் பரவாயில்லையாம்.