சிரிப்பும் தொடர்ச்சியும் கள்ளியங்காட்டு நீலியும்



தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நாள்களில் பெற்றோர் பலரும் எழுப்பும் வினா ஒன்றுண்டு: "எந்தப் படத்துக்கு இவர்களை அழைத்துச் செல்வது?" திரையரங்கின் வாயிலில் நின்றாலும், வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தாலும், இன்று கண்ணிற்படுவன பெரும்பாலும் மூவகையே. ஒன்று நகைச்சுவைப் படம். மற்றொன்று முன்னர் வெற்றி பெற்ற படத்தின் இரண்டாம் பாகம். மூன்றாவது, வானில் பறந்தும் மின்னலைக் கையில் ஏந்தியும் உலகைக் காக்கும் அதிசய வீரரின் படம். இம்மூன்றைப் பற்றியும் இத்திங்கள் சற்று மனம்விட்டு உரையாடலாம் என எண்ணுகிறோம். ஆராய்ச்சி முடிவுகளைத் தேடும் அன்பர்கள் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்லலாம். ஆயின் மூன்றுக்கும் நம் நாஞ்சில் மண்ணோடு ஓர் உறவுண்டு. அதை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் சிரிப்பு. தமிழ்த் திரைச் சிரிப்பின் தலைமகன் நம்மூர்க்காரர். 1908 நவம்பர் 29-ஆம் நாள் ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனாய் இருந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1936-இல் 'சதி லீலாவதி' வாயிலாகத் திரைக்கு வந்தவர். (திரைப்படங்களைக் குறித்துத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் உலகத் திருச்சபைக்குச் சுற்றுமடல் எழுதியதும் அதே 1936-இல்தான் என்பது நினைக்கச் சுவையான ஒற்றுமை.) 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். நந்தனார் கதையின் வடிவை அப்படியே எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் பட்டணம் சென்று கல்வி கற்று அதிகாரியாய்த் திரும்பும் கதையாக அதை மாற்றினார். கேட்டவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். வீடு திரும்பும் வழியில் சிந்தித்தனர். அச்சிரிப்பில் குத்துப்பட்டது சாதிச் செருக்கு. எந்த ஏழையின் உடலும் அங்கே கேலிப் பொருளாகவில்லை.

அந்த அளவுகோலை இன்றைய நகைச்சுவைப் படங்கள் அனைத்தின்மீதும் வைத்தால் பல படங்கள் ஒரு காட்சிகூடத் தாங்கமாட்டா. பருமனானவர், நிறம் கறுத்தவர், திக்கிப் பேசுபவர் ஆகியோரைக் காட்டிச் சிரிக்கச் சொல்வது இன்னும் ஓயவில்லை. ஆயினும் 2025 மே முதல் நாள் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' நெஞ்சுக்கு நிறைவு தந்தது. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞர் இயக்கிய முதற்படம் இது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்ற தமிழ்க் குடும்பம் ஒன்று, படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கிச் சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. தந்தையாகச் சசிகுமாரும் தாயாகச் சிம்ரனும் நடித்துள்ளனர். வாய் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும்; ஆகவே பேசாதே என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. அங்கேதான் சிரிப்புப் பிறக்கிறது. அதே தெருவில் ஒரு முதியவரின் துணைவி இறந்துபோகையில், அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறியாமல் கதவடைத்து வாழ்ந்ததை அந்த அகதித் தந்தையே உணர்த்துகிறார். முட்டத்திலும் குளச்சலிலும் இரயுமன்துறையிலும் கடலை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு, நள்ளிரவில் பிள்ளைகளோடு படகில் வரும் அச்சம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. படத்தில் எல்லோரும் சற்று மிகையாகவே நல்லவர்களாய் இருக்கிறார்கள் என்று குறை சொல்வோரும் உளர். குறை உண்மையே. அதற்காக அப்படத்தைத் தவறவிட வேண்டாம்.

இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுந்தர். சி இயக்கிய 'மதகஜராஜா' 2013 பொங்கலுக்கு வந்திருக்க வேண்டியது. பணச் சிக்கலில் முடங்கி, 2025 பொங்கலையொட்டி வெளிவந்து ஓடியது. பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த சிரிப்பு! அதில் மனோபாலா பிணமாக நடித்து அரங்கை அதிரவைத்தார். அவரோ 2023-இலேயே மறைந்துவிட்டவர். இறந்த ஒருவர் இறந்தவராய் நடிப்பதைக் கண்டு மக்கள் கண்ணீர் வரச் சிரித்தனர். கலைஞனுக்கு இதனினும் பெரிய அஞ்சலி வேறென்ன கிடைக்கும்! ஆயினும் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கக் கூசும் காட்சிகளும் உரையாடல்களும் அதில் மலிந்துள்ளன என்பதை ஒளிப்பதற்கில்லை. பெற்றோர் கவனிக்க ஒரு செய்தி: 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 'யுஏ' சான்றிதழ் 7, 13, 16 என்னும் வயதுகளைக் குறித்து மூவகையாய் வழங்கப்படுகிறது. சுவரொட்டியில் அவ்வெண்ணைப் பாருங்கள். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

நிற்க. இரண்டாம் பாகங்களுக்கு வருவோம். இது புதிய நோய் என்று எண்ணுவோர் 1979-இன் 'கல்யாணராமன்' படத்தையும் 1985-இன் 'ஜப்பானில் கல்யாணராமன்' படத்தையும் மறந்தவர் ஆவர். கொல்லப்பட்ட கல்யாணம் ஆவியாய் வந்து உடன்பிறந்தானுக்கு உதவிய முதற்கதையில் ஒரு துயரம் இருந்தது. இரண்டாவதில் ஜப்பான் இருந்தது. அன்று தொடங்கிய வேறுபாடு இன்றும் தொடர்கிறது. 1996-இன் 'இந்தியன்' படத்தில் சேனாபதிக் கிழவரின் சினம் எங்கிருந்து வந்தது? கையூட்டுக் கொடுக்க மறுத்ததால் சிகிச்சையின்றி மாண்ட மகளிடமிருந்து வந்தது. பின்னர்த் தம் மகனே கையூட்டு வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமானபோது, அந்த மகனையும் அவர் விடவில்லை. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்திலோ அக்கிழவர் நூறு வயதைக் கடந்தும் ஊர் ஊராய்ப் பாய்ந்து பாய்ந்து தண்டிக்கிறார். அவர் இழப்பதற்கு வீட்டில் எவரும் இல்லை. இழப்பில்லாத இடத்தில் சினமும் வெறும் உடற்பயிற்சியாகிவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலையாளத்தில் 2013-இல் வந்த 'திருஷ்யம்' 2015-இல் கமல்ஹாசன் நடிப்பில் 'பாபநாசம்' ஆயிற்று. குடும்பத்தைக் காக்க ஒரு பிணத்தை மறைத்தவனின் கதை அது. 2021-இல் வந்த 'திருஷ்யம் 2' ஏன் நன்றாய் அமைந்தது? மறைக்கப்பட்டது மறையவில்லை என்பதால். ஆண்டுகள் கடந்தும் காவலரின் வண்டி ஒலி கேட்டால் அவ்வீட்டு மகள் நடுங்குகிறாள். முதற்பாகம் கொடுத்த கடனை இரண்டாம் பாகம் வட்டியோடு கேட்கிறது. ஜார்ஜ்குட்டி என்னும் அக்கிறிஸ்தவக் குடும்பத் தலைவன் சட்டத்தின் கண்ணைக் கட்டினானேயன்றி, தன் வீட்டாரின் உறக்கத்தை மீட்டுக்கொடுக்கவில்லை. இதைப் பார்த்தபின் இரவு உணவின்போது பிள்ளைகளோடு பேசுவதற்கு நிறைய உண்டு.

'பாபநாசம்' படத்தின் நெல்லைப் பேச்சை எழுதியவர் நம் மாவட்டத்து எழுத்தாளர் ஜெயமோகன். 2018-இன் '2.0', 2022-லும் 2023-லும் இரு பாகங்களாய் வந்த 'பொன்னியின் செல்வன்' ஆகியவற்றின் உரையாடலிலும் அவர் கை உண்டு. 2023-லும் 2024-லும் இரு பாகங்களாய் வந்த 'விடுதலை' அவருடைய 'துணைவன்' என்னும் சிறுகதையிலிருந்து விரிந்தது. சிறுகதை ஒன்று இரண்டு படங்கள் அளவு நீண்டதை எல்லாரும் பாராட்டவில்லை. முதற்பாகமே செறிவானது என்பது எம் கருத்தும். 'பொன்னியின் செல்வன்' வேறு வகை. ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடக்குவதைத் தொடர்ச்சி என்பதைவிடச் சுருக்கம் என்பதே பொருந்தும்.

இனி, பிள்ளைகள் பொறுமையிழந்து காத்திருக்கும் அதிசய வீரர்கள். 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுத, விஜய் சேதுபதி இரும்பு மனிதனுக்குக் குரல் கொடுத்தார். அயல்நாட்டு வீரரைத் தமிழ் பேச வைப்பது எளிது. நம் மண்ணில் ஒரு வீரரை முளைக்க வைப்பதுதான் அரிது. 2012-இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார். முகமூடி இருந்தது, அதற்குள் நம் மனிதன் இல்லை. 2021 கிறிஸ்மஸ் முந்திய நாளில் வந்த 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படமே வழியைத் திறந்தது. அதில் மின்னல் தாக்கி ஆற்றல் பெறுவோர் இருவர். ஒருவன் சிற்றூர்த் தையற்காரன். மற்றவன் ஊரே பித்தனென்று ஒதுக்கிய தேநீர்க்கடைப் பணியாள் ஷிபு. அந்தத் தீயவன் வேடத்தில் நம் குரு சோமசுந்தரம் நடித்தார். நெடுங்காலம் காத்திருந்த அன்பு ஒன்று கைக்கு எட்டிய கணத்தில் பறிபோக, அவன் எரிமலையாகிறான். அவனுக்காகவும் அழத்தோன்றுகிறது. 2023-இன் 'மாவீரன்' படத்தில் சிவகார்த்திகேயன் கோழையான ஓவியன். விரிசல் விழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தரமற்ற சுவரோடு போராடும் ஏழைகளில் ஒருவன். அங்கே கெட்டவனுக்கு முன்னமே கெட்டுப்போனது சிமென்ட்.

இவற்றுக்கெல்லாம் முத்தாய்ப்பாக 2025 ஆகஸ்டு 28-ஆம் நாள் வெளிவந்தது 'லோகா'வின் முதல் அத்தியாயம். டொமினிக் அருண் இயக்கியது. துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்தது. கல்யாணி பிரியதர்சன் ஏற்ற நாயகி சந்திரா, பெங்களூரில் இரவுப் பணி செய்யும் அமைதியான பெண். அவள் உண்மையில் யார் என்பதைச் சொல்லும்போது நம் திரையரங்குகளில் முதியோர் நிமிர்ந்து அமர்ந்திருப்பர். அவள் கள்ளியங்காட்டு நீலி! நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் நீலி.

நீலியின் கதை நம் வில்லுப்பாட்டில் ஊருக்கு ஊர் சிறிது மாறும். நடு இழை ஒன்றே. நம்பி வந்த பெண்ணை, அவள் தன் மடியில் உறங்கும் வேளையில், நகைக்காக ஒருவன் கொல்கிறான். சாட்சிக்கு நின்றது கள்ளிச் செடி மட்டுமே. மறுபிறவியில் அவன் வணிகனாய் வர, நீலி அந்தக் கள்ளிக் கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவர் என் கணவர்" என்று ஊர் மன்றத்தில் முறையிடுகிறாள். பெரியோர் அவளை நம்பி இருவரையும் ஒரு வீட்டில் இருத்துகின்றனர். விடிந்தபோது அவன் உயிரோடில்லை. வில்லடித்துப் பாடும் புலவர் இவ்விடத்தில் குரலைத் தாழ்த்துவார். கேட்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பர். அச்சமும் இரக்கமும் ஒரே மூச்சில் வரும் கதை அது.

கேரளத்து மரபில், பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் மக்களை மயக்கிக் கொன்ற யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் என்னும் சிரியன் மரபுக் குருவானவர் தலையில் ஆணி அறைந்து அடக்கினார் என்று கதை போகும். மந்திரம் பயின்ற குருவானவர் என்னும் பேச்சு நம் மறைக்கல்விக்கு உடன்பாடில்லை. நாட்டார் கற்பனையின் விளைச்சல் அது. எனினும் இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே அவள் அடக்கப்பட வேண்டிய பேய். இங்கே நீதி கேட்கும் பெண். 'லோகா' மூன்றாவதாக ஒன்றைச் செய்துள்ளது. அரசனின் ஆள்களால் தன் மக்களை இழந்த பழங்குடிச் சிறுமியாக நீலியைக் காட்டி, பின் நூற்றாண்டுகள் கடந்து எளியோரைக் காப்பவளாக நிறுத்துகிறது. உடலுறுப்புத் திருடும் கும்பலையும், பெண்களை வெறுக்கும் காவல் அதிகாரி ஒருவனையும் அவள் எதிர்கொள்கிறாள். அவ்வதிகாரியாய் நம் நடன ஆசிரியர் சாண்டி அஞ்சத்தக்க விதத்தில் நடித்துள்ளார். இரத்தம் மிகுதி, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு, குறிப்பாகப் பெண்மக்களோடு, பார்க்கத் தடையில்லை.

வலிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவில்தான் இப்படங்கள் தேறுகின்றன அல்லது தோற்கின்றன என்று எமக்குப் படுகிறது. நீலிக் கதையோடு இணைத்துச் சொல்லப்படும் இசக்கியம்மனின் முப்பந்தலும், 1752-இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடி மலையும் ஒரே ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சேர்ந்தவை. 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட அவரது வரலாற்றை நம் பங்கு விழா மேடைகளில் நாடகமாய்க் கண்டு வளர்ந்தவர்கள் நாம். எருமை மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராய் இழுத்துச் செல்லப்பட்ட அந்த நாயகருக்குப் பறக்கத் தெரியாது. ஆயினும் அந்தக் காட்சியில் அரங்கு மூச்சடக்கி இருக்கும்.

'லோகா'வின் இரண்டாம் அத்தியாயம் டொவினோ தாமஸ் ஏற்கும் சாத்தனைப் பற்றியது என 2025 செப்டம்பரில் அறிவித்துள்ளனர். ஜெயசூர்யா நடிக்கும் 'கத்தனார்' படத்தின் முன்னோட்டமும் 2023-இல் வெளிவந்தது. ஆக, நம் பாட்டிமார் அந்தியில் சொல்லி நம்மைப் பயமுறுத்திய கதைகள் யாவும் இனிக் கோடிகளில் செலவாகி, பாகம் பாகமாய் வரவிருக்கின்றன. நம் பிள்ளைகள் நீலியை இனித் தோற்சட்டை அணிந்த சந்திராவாகவே அறிவார்கள். அதற்கு முன் ஒருநாள் அவர்களைத் திருவிழாவில் வில்லுப்பாட்டின் முன் அமர்த்தலாம். அல்லது கள்ளியங்காட்டு வழியே பேருந்தில் போகையில் கதையைச் சொல்லலாம். அந்தக் கள்ளிக் கொம்புக் குழந்தையைப் படக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.