கூகைக்குஞ்சை எங்கே சேர்ப்பது?

கீழே விழுந்து கிடக்கும் பறவைக்குஞ்சைக் கண்டால் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் அதைக் கையில் எடுப்பது. இரண்டாவது காரியம் படம் எடுப்பது. மூன்றாவதாக, குடும்பப் புலனக் குழுவில் ‘இதற்கு என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்பது. அரை மணி நேரத்துக்குள் பால், ரொட்டி, சோறு, வாழைப்பழம் என்று பதில்கள் வரிசையாக வந்துவிடும். பெரும்பாலும் இரண்டொரு நாளில் அந்தக் குஞ்சு செத்துப் போகும். கேட்டவர், சொன்னவர் எல்லாருடைய இரக்கமும் உண்மையானதுதான். ஆனால், பறவையை வளர்ப்பது வேறு, அதைக் காப்பாற்றுவது வேறு என்பதை நமக்குப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை, வீட்டிலும் சொல்லித் தரவில்லை.

ஜொகூரில் இந்தப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கூகை. இதய வடிவில் வெள்ளை முகமும் கறுத்த கண்களும் உள்ள ஆந்தை. பறக்கும்போது சிறகுச் சத்தமே கேட்காது. கூரையில் அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பாட்டிமார் சொல்வார்கள். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் ‘பூரோங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்றுதான் பொதுவாக அழைக்கிறார்கள். ஆனால் கூகைக்கு மலாயில் ‘புங்கோக் ஜெலாப்பாங்’ என்ற பெயரும் உண்டு. ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். களஞ்சியத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கூகை இருக்கும். தேர்வுக்காகப் ‘புங்கோக் நிலவை ஏங்கியது’ என்ற மலாய்ப் பழமொழியை மனப்பாடம் செய்த நாம், அந்தப் பறவை நம் தோட்டங்களில் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டதில்லை.

தீபகற்ப மலேசியாவில் கூகை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததற்கான முதல் பதிவு 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது பதிவான இடம் நம் ஜொகூரில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் பெருகின. எலிகளைத் தேடிக் கூகைகள் வந்தன. எலியால் விளைச்சலில் 5 முதல் 10 விழுக்காடு வரை இழப்பு ஏற்படலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு ஜோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும். எனவே நிர்வாகங்கள் கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி வைத்து, கூகைக்கு வீடு கொடுக்கத் தொடங்கின. குளுவாங், கூலாய், சிகாமட் பக்கம் போகிறவர்கள் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அந்தப் பெட்டிகளைப் பார்த்திருக்கலாம். புறாக்கூண்டு என்று நினைத்துக் கடந்தும் போயிருக்கலாம்.

என் மாமா குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் குலை வெட்டும் வேலை செய்கிறார். சென்ற பருவ விடுமுறையின்போது அழைத்தார். “ஏம்மா, பெட்டிக்குக் கீழே கூகைக்குஞ்சு ஒண்ணு கெடக்குது. பாம்பு மாதிரி சீறுது. நீ படிக்கிற பிள்ளை, யாரையாவது விசாரிச்சுச் சொல்லு” என்றார். எங்கள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டவை நான்கே கேள்விகள். இரத்தம் வடிகிறதா? இறக்கை ஒரு பக்கமாகத் தொங்குகிறதா? தொட்டால் உடம்பு சூடாக இருக்கிறதா? உடம்பில் வெறும் பஞ்சு மயிர்தானா, இறகு முளைத்துவிட்டதா? காயம் இல்லை, சூடு இருக்கிறது, பாதிப் பஞ்சு பாதி இறகு என்று மாமா சொன்னதும், “ஏணி இருந்தால் பெட்டிக்குள் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்” என்றார்.

எல்லாப் பறவைக்கும் இதே பதில் பொருந்தாது. மைனா, கொண்டைக்குருவி, குண்டுக்கரிச்சான் போன்றவற்றின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் புதரிலும் தத்தித் தத்தித் திரியும். தாயும் தந்தையும் அங்கேயே வந்து இரை கொடுக்கும். அந்தக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவது, பள்ளிப் பேருந்துக்காக நிற்கும் பிள்ளையை அநாதை என்று வீட்டுக்கு அழைத்துப் போவதைப் போன்றது. பூனை, நாய் வந்தால் பக்கத்துச் செடியில் தூக்கி வைத்தால் போதும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வதெல்லாம் வெறும் கதை. கூகையின் வழக்கம் வேறு. கீழே விழுந்த குஞ்சைப் பெற்றோர் பொதுவாகத் தரையில் இறங்கிக் கவனிப்பதில்லை. அது சீறுவதைக் கேட்டாலும் இரையைப் பெட்டிக்குத்தான் கொண்டுபோகும். கூகைக்குஞ்சை அங்கேயே விட்டுவைத்தால் அது பட்டினி கிடந்து சாகும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேறு விதமாகச் சாகும். அது பிழைக்க வேண்டிய இடம் பெட்டிதான்.

வீட்டில் வளர்த்தால் என்ன ஆகும் என்று மாமாவின் மகன் கேட்டான். கூகை எலியை எலும்பு, தோல், குடல் என்று மொத்தமாக விழுங்கும் பறவை. செரிக்காததைப் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும். வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து அந்த எலும்பிலிருந்துதான் கிடைக்கிறது. நாம் கோழி இறைச்சியை நறுக்கிக் கொடுத்தால் அது ஆசையாகத் தின்னும், எடையும் கூடும். ஆனால் கால் எலும்பு வளைந்துபோகும். பாலை எந்தப் பறவையாலும் ஒழுங்காகச் செரிக்க முடியாது. சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். இத்தனையும் தப்பிப் பிழைத்தாலும் மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக எண்ணத் தொடங்கும். வாத்துக்குஞ்சுகள் தம் பின்னாலேயே நடந்து வந்ததை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் படங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காட்டில் தனியாக வாழ வேண்டிய கூகைக்கு மனிதரிடம் பயம் போய்விட்டால் அது அதன் உயிருக்கே ஆபத்து.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2022இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. ‘காப்பாற்றத்தானே எடுத்து வந்தேன்’ என்பது முதல் நாளுக்குச் சரி. மூன்று மாதம் கழித்தும் அது கூண்டில் இருந்து, அதைப் பற்றிய காணொலிகளும் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

உண்மையாகவே காயம்பட்ட பறவை கிடைத்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், சலிப்பூட்டும் வேலையும்கூட. துண்டு ஒன்றை மேலே போட்டு மெதுவாகத் தூக்குங்கள் (கூகையின் நகம் விரலைக் கிழித்துவிடும்). காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். உணவோ தண்ணீரோ வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழையுங்கள், அல்லது பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உயரமான கட்டடங்களின் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. மோதிய அதிர்ச்சி மட்டும் என்றால் அவற்றில் சில ஓரிரு மணி நேரம் இருட்டில் இருந்த பிறகு தாமாகவே பறந்துவிடும்.

நான் எழுத வந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். குஞ்சு பெட்டிக்குத் திரும்பியது, அன்று இரவே பெரிய பறவை இரையோடு வந்தது என்று மாமா சொன்னபோது எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து, அதே கம்பத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய கூகை ஒன்று செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்க யாரும் எடுத்துப் போகவில்லை. எதனால் செத்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் கூகைப் பெட்டிகளும் இருக்கின்றன, மரத்தடியில் எலி மருந்தும் வைக்கிறார்கள்.

எலி மருந்தில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. இரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். உடல் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு இருக்கும், மறுபடியும் வந்து மருந்தைத் தின்னும், பிறகு தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைவிட எளிதான இரை வேறு கிடையாது. வார்ஃபாரின் போன்ற பழைய மருந்துகள் உடலைவிட்டு ஓரளவு சீக்கிரம் நீங்கிவிடும். புரோடிஃபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். இதெல்லாம் புதிய செய்தியும் இல்லை. மலேசியத் தோட்டம் ஒன்றில் வார்ஃபாரினை விட்டுப் புதிய மருந்துகளுக்கு மாறியபின், இருபது ஜோடி வரை இருந்த கூகைகள் இரண்டரை ஆண்டுக்குள் ஏறக்குறைய இல்லாமல் போனதை டக்கெட் என்பவர் 1984இலேயே எழுதிவிட்டார். சாகடிக்காத அளவு மருந்துகூட முட்டையிடுவதையும் குஞ்சு பிழைப்பதையும் பாதிக்கிறது என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள்.

விஷம் ஏறிய பறவையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வைட்டமின் கே1 கொடுக்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில், மருத்துவரின் மேற்பார்வையில். தோட்டத்துக் கம்பத்தடியில் யார் அதைச் செய்வது? ஒரு கையால் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு மறு கையால் விஷம் வைக்கும் நிர்வாகத்தின் கணக்கு எனக்குப் புரியவில்லை. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலித் தொல்லை பொய் அல்ல, அதனால் குலை குறைந்தால் என் மாமாவின் சம்பளமும் குறையும். பெட்டி உள்ள இடங்களிலாவது இரண்டாம் தலைமுறை மருந்தை நிறுத்துங்கள், செத்த எலிகளைப் பொறுக்கிப் புதையுங்கள், செத்த கூகையைச் சோதனைக்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று சிலர் நினைக்கலாம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவோ, அம்மாவோ, மாமாவோ உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போனால் மருந்துப் பொட்டலத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள், கையுறையோடு. மருந்தின் பெயர் உறையில் அச்சிட்டிருக்கும். புரோடிஃபாகூம் அல்லது புரோமாடியோலோன் என்று இருந்தால், அந்தத் தோட்டத்தில் கூகைப் பெட்டிகள் எத்தனை, அவற்றில் இப்போது எத்தனையில் பறவை இருக்கிறது என்று மேலாளரிடம் கேளுங்கள்.