நிழல் பார்த்து நடப்பவர்கள்

மே மாதம், மாலை நான்கு மணி, சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தம். கூரை இருக்கிறது, ஸ்டீல் இருக்கையும் இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை. சாய்வெயில் கூரைக்கு அடியில் புகுந்து இருக்கையைத் தோசைக்கல்லாக்கியிருக்கிறது. பத்தடி தள்ளி ஒரு விளம்பரக் கம்பத்தின் நிழல் தரையில் கோடு போட்டதுபோல் விழுந்திருக்கிறது. அதற்குள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகர்கிறது. ரேஷன் கடையில்கூடக் காணமுடியாத ஒழுங்கு!

இதே மக்களைப் பற்றித்தான், நடைபாதையை விட்டுச் சாலையில் நடக்கிறார்கள், நினைத்த இடத்தில் கையைக் காட்டிக் குறுக்கே இறங்குகிறார்கள், நடைமேம்பாலம் இருந்தும் ஏறுவதில்லை என்ற புகார்கள். பொய்யில்லை. ஆனால் கூடவே நடந்து பார்த்தால் கணக்கு வேறு. வடக்கு தெற்காக ஓடும் தெருவில், காலையில் கிழக்குப் பக்கத்திலும் பிற்பகலில் மேற்குப் பக்கத்திலும்தான் கட்டட நிழல் விழும். நிழல் அறுந்துபோகும் இடத்தில் ஆள் சாலையைக் கடந்துவிடுகிறார். நடைமேம்பாலம் என்றால் கொளுத்தும் வெயிலில் மாடியேறி இறங்கும் வேலை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் காய்கறிப் பையோடு யார் ஏறுவார்?

ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது அவரவர் நிழலே காலடியில் ஒடுங்கிவிடும். எவ்வளவு உயரக் கட்டடமும் உதவாது. தலைக்கு மேல் மரம் வேண்டும், இல்லையேல் கூரை வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபின் பல தெருக்களில் இரண்டுமே இல்லை.

காகிதத்தில் குறையில்லை. நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்குமான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே வகுத்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். உள்தெருக்களில் அந்த இடத்தை மின்பெட்டியும், வீட்டு வாசலின் சாய்தளமும், நிறுத்திவைத்த பைக்குகளும் பிடித்துக்கொள்கின்றன.

2024 கோடையில் சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஒரு நிமிடம் காத்து நிற்கும் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கானது. அரை மணி நேரம் நடப்பவருக்கு அப்படியொரு பந்தல் இல்லை.

டைல்ஸ் மாற்றும் பணத்தில் புங்கையும் வேம்பும் நட்டு, வேருக்கு மண் விட்டாலே பாதி வேலை முடியும். அடுத்த நடைபாதைக்கு ஒப்பந்தம் விடுமுன், பொறியாளர்கள் ஒரு மே மாத மதியத்தில் குடையில்லாமல் அந்தத் தெருவை ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும்.