நெல்லை வழக்கு

‘நெல்லை வழக்கு’ என்று அட்டையில் அச்சிட்ட புத்தகம் ஒன்று கைக்கு வந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று உடனே சொல்லிவிட முடியாது. ‘ஏலே’, ‘அண்ணாச்சி’ என்று தாமிரபரணிக் கரைப் பேச்சை ஆராயும் நூலாக இருக்கலாம். குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு என்று போகும் நீதிமன்றக் கதையாகவும் இருக்கலாம். ஊர் பேசும் பேச்சுக்கும், ஊர்க்காரர் இருவர் முட்டிக்கொண்டு நீதிமன்றம் போவதற்கும் தமிழில் பெயர் ஒன்றுதான்.

‘வழங்கு’ என்ற வினையிலிருந்து வந்தது ‘வழக்கு’. மக்களிடையே புழங்குவது, நடந்து வருவது என்பது அதன் அடிப்பொருள். இலக்கணக்காரர்கள் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பிரித்தபோது வக்கீல்களை நினைத்திருக்கமாட்டார்கள். புழக்கத்திலிருந்து போன சொல்லை ‘வழக்கொழிந்த சொல்’ என்கிறோம். கரிசல் காட்டுச் சொற்களைத் தொகுத்த கி. ராஜநாராயணன் தம் தொகுப்புக்கு ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’ என்றே பெயர் வைத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் வேர்விட்ட துறைக்குப் பெயர் ‘நாட்டார் வழக்காற்றியல்’. கோர்ட்டில் வாதாடுகிறவரை ‘வழக்கறிஞர்’ என்கிறோமே, அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நடைமுறையை அறிந்தவர் என்றுதான் வருகிறது.

நடைமுறையின் பெயர் தகராறுக்கு எப்படி வந்தது? எழுதிய சட்டம் எட்டாத ஊரில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றால், பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி ‘இதுவரை என்ன நடந்து வந்தது?’ என்பதாகத்தான் இருந்திருக்கும். எதை நிலைநாட்டப் பேசினார்களோ, அதன் பெயரே பேச்சுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

தாமிரபரணிப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு பழங்காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கட்டியது. அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் சுமார் 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. கார் சாகுபடிக்கு எப்போது மடை திறப்பது, பிசான சாகுபடிக்கு யாருக்கு முதல் தண்ணீர், தலைமடைக்காரன் எவ்வளவு எடுத்தால் கடைமடைக்காரன் வயல் வெடிக்காமல் இருக்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த முறைகள். மழை பொய்த்த ஆண்டில் அந்த முறை நெருக்கடிக்கு உள்ளாகும். அப்போதுதான் வழக்கு வழக்காகும்.

வாதத்துக்கும் வரம்பு வேண்டும் என்று இந்த மண் முன்பே யோசித்திருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுப் பழமை. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி சொல்லும் அது, கொண்டுவந்த காரியம் எதற்கும் ‘அன்று, அன்று’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. வாதாட உரிமை உண்டு, வீம்புக்கு மறுக்க உரிமை இல்லை. அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வழக்கம் இன்னதென்று சொல்லும் வாய் சிலருக்குத்தான் இருந்தது.

வழக்கத்துக்கு இன்னொரு பெயரை நவாபு காலத்து வருவாய்த் தமிழ் பழக்கிவிட்டது: மாமூல். அரபியில் அதற்கும் நடைமுறையில் இருப்பது என்றுதான் பொருள். பரம்பரையாக வரும் தண்ணீர் உரிமைக்கு அது மரியாதையான பெயராக இருந்தது. இன்று மாமூல் என்றால் மேசைக்கு அடியில் நீளும் கை. ‘வாய்தா’வின் கதையும் இதே மாதிரி. புறப்பட்ட மொழியில் அது வாக்குறுதி. நம் கோர்ட்டு வாசலில் தள்ளிவைப்பு. சொற்கள் இப்படிச் சறுக்கும்போது அவற்றைப் பயன்படுத்திய மனிதர்களின் அனுபவமும் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது.

வழக்கம் எல்லாருக்கும் நிழல் தந்ததில்லை. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவர்கள் நுழையக்கூடாது என்பதே நெடுங்கால வழக்கம் என்ற வாதம் 1908-ல் அங்கே வென்றது. நடந்து வந்தது என்பதாலேயே ஓர் அநியாயம் நியாயமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு கடைசிச் சொல்லாக நிற்கவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், விலக்கி வைக்கப்பட்டவர்களின் நுழைவு நடந்தது. 1947-ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. தோற்ற வாதம் ஒரு தலைமுறைக்குப் பின் வழக்கமாயிற்று. இன்று கோயில் வாசலில் யாரும் சாதி கேட்கக்கூடாது என்பதே நாட்டின் வழக்கு; அதை மீறுகிற ஊர்கள்தாம் பதில் சொல்ல வேண்டியவை.

அதே 1908-ல் நெல்லையிலும் ஒரு வழக்கு. ஜூலை 7-ஆம் தேதி, கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக, நாற்பது ஆண்டுகள் என்று விதித்தார். மேல்முறையீட்டில் பின்னர் அது ஆறாண்டாகக் குறைந்தது. கப்பல் ஓட்டியதற்கும் ஆலைத் தொழிலாளிக்காகப் பேசியதற்கும் அரசு வைத்த பெயர் ராஜத் துரோகம். ஒட்டப்பிடாரத்து வக்கீலான அவர், தொழில் செய்யும் உரிமமான சன்னதையும் இழந்தார். அதைத் திரும்பப் பெற உதவியவர், 1908-ல் நெல்லையில் அதிகாரியாக இருந்து, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான வாலஸ். அந்த நன்றிக்காக வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அவர் மனம் தோய்ந்து செய்த வேலைகளில் ஒன்று, தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தது. ‘வழக்கு’ என்ற சொல்லுக்குக் கோர்ட்டில் ஒரு பொருளையும் ஏட்டில் இன்னொரு பொருளையும் அவரைப்போல் இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தவர்கள் அரிது.

நம் வீட்டுப் பேச்சில் மட்டும் இந்தச் சொல் கூனிக் குறுகிக் கிடக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது ‘வம்பு வழக்குக்குப் போகாத பையன்’ என்பது நற்சான்று. ‘கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்’ என்பது பெருமை. ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை. பாகப் பிரிவினை வழக்கில் தாத்தா போட்ட மனுவுக்குப் பேரன் வாய்தா வாங்குகிற நாடு இது. ஆனால் அந்தச் சலிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கே வேண்டாம் என்று ஒதுங்கினால், இருக்கிறபடியே எல்லாம் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டதாக ஆகும். இருக்கிறபடி இருப்பதால் யாருக்கு லாபம் என்று கமுதி சொல்லியிருக்கிறது.

2010-ல் தாமிரபரணி மணலுக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். நல்லகண்ணு. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, கம்யூனிஸ்டுகள்மேல் அரசு போட்ட நெல்லைச் சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்று, பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். இம்முறை 85 வயதில், வக்கீல் இல்லாமல் தாமே வாதாடினார். அந்த டிசம்பரில் ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. திருட்டு மணல் அதோடு நின்றுவிடவில்லை என்பது கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் கேட்டது பெரிய புதுமையும் இல்லை. ஆற்றில் மணல் கிடக்க வேண்டும், மணலுக்கடியில் தண்ணீர் நிற்க வேண்டும், கடைமடை வரை அது போக வேண்டும்.

சதி வழக்கில் அரசு அவர்மேல் போட்டது ஒரு வழக்கு. ஆற்றுக்காக அவர் போட்டது இன்னொன்று. இரண்டையுமே ‘நெல்லை வழக்கு’ என்று சொல்லலாம். எதிர்காலத்தில் அந்தப் பெயரில் ஒரு புத்தகம் வந்தால், மூன்றாவதாகவும் ஒரு பொருள் அதற்குக் கிடைக்கட்டும்: ஆற்றை அள்ளித் தின்னாமல் வாழும் நெல்லைக்காரர்களின் பழக்கம் என்று.